நாற்பத்தெட்டு நாளும் ஒரு மீன் துண்டும்

1

வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அவசர நேரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயர், தொலைபேசி எண், உறவுமுறை. பினாங்குக்கு வந்த பதினெட்டு வருடத்தில் அதை எத்தனையோ முறை நிரப்பியிருக்கிறேன். ஆரம்பத்தில் கம்பெனியின் மனிதவள அதிகாரி பெயரை எழுதினேன். அந்த நாற்காலியில் ஆள் மாறிக்கொண்டே இருந்ததால், பதினொரு வருடமாக குணசேகரன் என்று எழுதுகிறேன். உறவுமுறை: நண்பர்.

இந்தத் தடவை குடிநுழைவு அலுவலகத்தில் இருந்த பெண் அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "சொந்தக்காரர் யாரும் இல்லையா?" என்று மலாயில் கேட்டார்.

"மனைவியும் மகனும் இங்கேதான் இருக்கிறார்கள். மூவருக்கும் சேர்ந்து ஏதாவது ஆனால் இவர்தான் வர வேண்டும்."

அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். பதில் ஒப்புக்கொள்ளப்பட்டது என்று அர்த்தம். எனக்குத்தான் அந்தப் பெயரைப் பார்க்க உறுத்தலாக இருந்தது. அந்த வாரம் முழுவதும் நான் குணாவிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்தேன். அது அவருடைய விரதத்தைப் பற்றியது.

2

குணா அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. பிறந்தது பினாங்குத் தீவுக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம், பாகான் டாலாமில். வேலை பத்து காவான் என்ற இடத்தில், ரத்த நாளத்துக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்களைச் செய்கிற தொழிற்சாலையில். அவர் அங்கே தரப் பரிசோதகர். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் யாமினி மெல்போர்னில் இருக்கிறாள்.

என்னை அவர் "தம்பி" என்பார். கிண்டல் செய்ய வேண்டுமென்றால் "ஊர்க்காரரு". இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே அதுதான் பெயர். உங்களுக்கு எந்த ஊர் என்று திருப்பிக் கேட்டால், "பாகான் டாலாம்" என்று முடித்துவிடுவார். அவருடைய முன்னோர் எந்த மாவட்டம் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆர்வம் உண்டு. அவருக்கு அந்த ஆர்வம் துளியும் கிடையாது.

புதன்கிழமைகளில் என் மனைவி மகனை டியூஷனுக்குக் கூட்டிப்போவாள். வீட்டில் இரவுச் சாப்பாடு கிடையாது. குணாவுக்கு எந்த நாளும் கிடையாது. அப்படித்தான் நாங்கள் இருவரும் டத்தோ கெராமாட் சாலையிலிருந்து பிரியும் சந்தில் உள்ள சீனர் சைவக் கடையில் சாப்பிட ஆரம்பித்தோம். எட்டு மேசை. பெயர்ப்பலகையில் தாமரைப் படம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முப்பது தட்டுகளில் பண்டங்கள். சோற்றை வாங்கிக்கொண்டு, இடுக்கியால் வேண்டியதை நாமே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். கடைக்காரம்மாவை எல்லோரும் ஆண்ட்டி என்கிறார்கள். எழுபதை நெருங்குகிறார்.

மதுரையில் ஒன்பது வருடம் செய்தித்தாள் அலுவலகத்தில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். சைவச் சாப்பாடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே தட்டுகளில் கோழித் தொடை இருந்தது, ஆட்டுக்கறி இருந்தது, செதில் வரை செய்த மீன் இருந்தது. எல்லாமே சோயா, கோதுமை, கடற்பாசி. சீனர்கள் தங்கள் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் வருகிறார்கள். தமிழர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் கடையில் பாதிப் பேர் கழுத்தில் மாலை போட்ட தமிழர்கள்.

முதல் நாள், நான் இன்றைக்கு சைவம் என்று ஆண்ட்டியிடம் மலாயில் சொல்லப் பார்த்து, "நான் ஒரு காய்கறி" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சோற்றைக் கூடுதலாக வைத்தார். இன்றும் நான் வரத் தாமதமானால் குணாவிடம், "காய்கறி எங்கே?" என்றுதான் கேட்பார்.

3

மூன்று வருடத்துக்கு முன்னால் யாமினி மெல்போர்னில் மருத்துவமனையில் பதினொரு நாள் கிடந்தாள். குணா அன்றைக்கே விசாவுக்கு விண்ணப்பித்தார். கூடுதல் ஆவணம் கேட்டார்கள், கொடுத்தார். வங்கி அறிக்கை கேட்டார்கள், கொடுத்தார். விசா வந்த அன்று மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தப் பதினொரு நாளில் ஒரு நாள் பினாங்கின் தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டார்: மூன்று வருடம் பால் காவடி.

இது மூன்றாவது வருடம், கடைசிக் காவடி. முதல் இரண்டுக்கும் யாமினியால் வர முடியவில்லை. இந்தத் தைப்பூசத்துக்கு வருகிறாள். காவடி எடுப்பவர் வழியில் உட்கார்ந்து இளைப்பாற ஒரு சின்ன ஸ்டூலை யாராவது பின்னால் தூக்கிக்கொண்டு வர வேண்டும். முன்பு தூக்கியவர் ஓய்வுபெற்று தைப்பிங் போய்விட்டார். "ஸ்டூல் நான் தூக்குறேன்" என்று மகள் சொன்னதிலிருந்து குணா அதைப் பற்றி என்னிடம் நான்கு முறையாவது சொல்லியிருப்பார். நான்கு முறையும் புதுச் செய்தியைப் போல.

நாற்பத்தெட்டு நாள் விரதம். இறைச்சி, மீன், முட்டை கிடையாது. தரையில் படுக்கை. முகச் சவரம் இல்லை. ஆனால் புதன்கிழமைகளில் ஆண்ட்டி கடையின் சோயா மீன் இரண்டு துண்டு.

"விரதத்துல இருக்கிறவரு மீன் மாதிரி செஞ்சத சாப்பிடலாமா அண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன். சண்டைக்கு இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான்.

"மீன் இல்லாத மீனத் தின்னா முருகன் என்ன சொல்லப் போறாரு? அவருக்கு வித்தியாசம் தெரியாதா?"

"அப்ப மீன் ருசி எதுக்கு?"

"எனக்கு நாக்கு இருக்குலா. விரதம் நாக்க வெட்டிக்கிறதுக்கா?"

முப்பத்திரண்டாம் நாள் ஒரு புதன்கிழமை. கை கழுவும் தொட்டி கடைக்குப் பின்னால், சமையலறை வாசலில் இருக்கிறது. அங்கே ஒரு மேசையில் உறையவைத்த உணவுப் பாக்கெட்டுகளின் காலி உறைகள் கிடந்தன. மேலே மீன் படம். என் இப்போதைய வேலை மருத்துவக் கருவிகளின் கையேடுகளையும் லேபிள்களையும் பிழை பார்ப்பது. பொடி எழுத்து கண்ணில் பட்டால் வாசித்துவிடுவேன். சோயா புரதம், கோதுமைப் புரதம், தாவர எண்ணெய், மாவுச்சத்து, கடற்பாசி. ஆறாவதாக, மலாயில், முட்டை வெள்ளைக்கரு.

திரும்பி வந்தபோது குணா இரண்டாவது துண்டைப் பாதி முடித்திருந்தார். எதிரே உட்கார்ந்தேன். அவர் பத்து காவானில் புதிதாகத் திறந்த ஒரு பெட்ரோல் நிலையத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன்.

4

அந்த வாரத்தை விவரமாக எழுத ஒன்றுமில்லை. சொல்வதா வேண்டாமா என்பதற்கு இரண்டு பக்கமும் காரணங்கள் இருந்தன. சொன்னால் கடைசிக் காவடி கெடலாம். மகள் அவ்வளவு தூரம் வருவது வீணாகலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை, என்னைத் தவிர. குடிநுழைவு அலுவலகத்தில் அவர் பெயரை எழுதியது அந்த வெள்ளிக்கிழமைதான்.

மகனிடம், வேறு யாருக்கோ நடந்ததைப் போலக் கேட்டுப் பார்த்தேன். பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவன். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். அன்று எனக்காகத் தமிழில், இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் "லா"வோடு சொன்னான்.

"சொல்லுங்க பா. இல்லன்னா சொல்லாதீங்க. ஆனா சொல்லாட்டி, என்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்கக்கூடாது லா."

பத்திரிகையில் இருந்தபோது அச்சுக்குப் போன பிறகு பிழை தெரிந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். அச்சுக்குப் போகும் முன் தெரிந்தும் விட்டால் அது வேறு குற்றம். தைப்பூசத்துக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

5

அடுத்த புதன். முப்பத்தொன்பதாம் நாள். குணா எனக்கு முன்னால் நின்று இடுக்கியால் மீன் துண்டைத் தூக்கினார்.

"அண்ணே, மீன் எடுக்காதீங்க."

"ஏன், கெட்டுப் போச்சா?"

"முட்டை இருக்கு. வெள்ளைக்கரு. பாக்கெட்டுல போட்டிருக்கு."

துண்டை எடுத்த தட்டிலேயே அவர் திரும்ப வைத்தார், மற்ற துண்டுகளோடு வரிசையாக. பின்னால் நின்ற சீனப் பெரியவர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

"எப்ப பாத்தீங்க?"

"போன புதன்."

"போன புதன் நான் ரெண்டு துண்டு சாப்பிட்டேன்."

"ஆமா."

"நீங்க எதுத்தாப்புல உக்காந்திருந்தீங்க."

"ரெண்டாவது துண்டு சாப்பிடும்போதுதான் பாத்தேன் அண்ணே."

"அப்ப அதுல பாதியவாவது காப்பாத்தியிருக்கலாம்" என்றார். குரல் உயரவில்லை. சோறு மட்டும் இருந்த தட்டோடு போய் மேசையில் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை.

எங்களுக்குள் ஏதோ சரியில்லை என்று தெரிந்து ஆண்ட்டி எழுந்து வந்தார். நான் சொன்னேன். அவருக்கு முதலில் பிரச்சினை என்னவென்றே புரியவில்லை. உள்ளே போய்ப் பாக்கெட்டைக் கொண்டுவந்து வாசித்தார்.

"முட்டைதானே, உயிர் இல்லை" என்றார் மலாயில். "ஆனால் வெங்காயம் இல்லை, பாரு. பூண்டு இல்லை. உங்கள் ஆட்கள் விரதம் என்று தெரியும். வெங்காயம் பட்ட கரண்டியைக்கூட இந்தக் கடைக்குள் விட்டதில்லை."

"ஆண்ட்டி, நாங்க வெங்காயம் சாப்பிடுவோம்" என்றார் குணா.

"விரதத்திலுமா?"

"எங்க வீட்டுல விரதத்துலயும்."

"முட்டை?"

"தொட மாட்டோம்."

ஆண்ட்டி பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர்கள் முறையில் வெங்காயமும் பூண்டும் மனதைக் கிளறும், அதனால் ஆகாது. முட்டை சில கோயில்களில் ஆகும், சிலவற்றில் ஆகாது. தமிழர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து இருபது வருடத்துக்கு மேல் வெங்காயத்தைக் காவல் காத்திருக்கிறார். நாங்களோ, சைவக் கடையில் முட்டை எப்படி இருக்கும் என்று கேட்கவே தோன்றாமல் இத்தனை வருடங்களாகச் சாப்பிட்டிருக்கிறோம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை.

குணா திடீரென்று என் பக்கம் திரும்பினார். "அப்ப போன ரெண்டு வருஷம்?"

அந்தக் கேள்வி எனக்கு ஏன் ஒரு வாரமாகத் தோன்றவில்லை என்று தெரியவில்லை. பத்திரிகையில் செய்தியைச் சரிபார்த்த நாட்களைப் போல ஆண்ட்டியிடம் விசாரித்தேன். பாக்கெட் மீன் எப்போதிலிருந்து? தோள்பட்டை வலி வந்த பிறகு. அதற்கு முன்? தானே செய்தாராம். ஊறவைத்த சோயாப் பால் ஏட்டை அடுக்கி, கடற்பாசியில் சுருட்டி, வேகவைத்து. அதில் முட்டை? இல்லை. வலி எப்போது வந்தது? போன வருடம். போன வருடம் எப்போது? அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. கைப்பையிலிருந்து மருத்துவமனை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அதில் முதல் பதிவு செப்டம்பரில்.

"போன தைப்பூசத்துக்கு அப்புறம்தான் அண்ணே" என்றேன். "ரெண்டு வருஷமும் சுத்தம். இந்த வருஷம் மட்டும்தான்."

அவர் அட்டையை வாங்கி, தேதியைத் தானும் ஒருமுறை பார்த்துவிட்டு ஆண்ட்டியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் ஒன்பது நாளு இருக்கு" என்றேன். "தெரியாம நடந்தது. முருகன்..."

"தம்பி. எங்க கீலாங்ல ஒரு டியூப்ல தூசி இருந்தா என்ன செய்வோம் தெரியுமா? அந்த ஒண்ண மட்டும் எடுத்துப் போட்டுட்டு மத்தத அனுப்ப மாட்டோம். அந்த பேட்ச்சையே நிறுத்திடுவோம்." கீலாங் என்றால் தொழிற்சாலை.

"இது டியூப் இல்லையே அண்ணே."

"இல்ல. டியூப் யாருக்கோ போவுது. இது என் பிள்ளைக்கு."

அங்கேயே மகளை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டது எனக்காகவா, காது மந்தம் காரணமாகவா என்று தெரியவில்லை. இந்தத் தைப்பூசத்துக்கு எடுக்க முடியாது, சித்ரா பௌர்ணமிக்குத் தண்ணீர்மலையில் எடுக்கலாம், முதலிலிருந்து நாற்பத்தெட்டு நாள் இருப்பேன் என்றார்.

"எக் வைட்தானே பா. யாரு பாத்தா?"

"என் கூட்டாளி பாத்துட்டாரு."

"லீவு போட்டாச்சு பா. சித்ரா பௌர்ணமிக்கு இன்னொரு லீவு தர மாட்டாங்க."

"தெரியும்மா."

"அப்ப மூணு காவடி எனக்காக எடுக்குறீங்க. மூணையும் நான் பாக்கவே மாட்டேன்."

"நீ இருக்கியேம்மா" என்றார் குணா. "அதுக்குத்தானே எடுக்குறது." பிறகு அடுத்த வாரம் எந்த விமானம், எத்தனை மணிக்கு என்று கேட்டார். பேசி முடித்ததும் காடியை எடுத்துக்கொண்டு போனார். காடி என்றால் இங்கே கார்.

6

அடுத்த புதன்கிழமை அவர் வரவில்லை. ஆண்ட்டி என்னைக் காய்கறி என்று கூப்பிடவில்லை. மீன் தட்டு இருந்த இடத்தில் வறுத்த கத்தரிக்காய் இருந்தது.

தைப்பூசத்தன்று அழைப்பில்லாமலே தண்ணீர்மலைக்குப் போனேன். அவருடைய தொழிற்சாலை நண்பர்கள் வருடாவருடம் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள் என்று தெரியும். குணா அங்கே தாடியோடு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண் காகிதக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"லேபிள் படிச்ச அங்கிள் நீங்கதானே?"

"நான்தாம்மா."

"எனக்குக் கோவம். அப்பாவுக்குக் கோவம் இல்லையாம். அதனால எனக்கு இன்னும் கோவம்."

குணா திரும்பிப் பார்க்காமல் மோர் ஊற்றினார். எதிரே ஒரு காவடி போனது. அதைச் சுமந்தவருக்குப் பின்னால் அவருடைய மனைவி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனார். யாமினி அந்த ஸ்டூலையே பார்த்தாள்.

"ஒரு வாரம் ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

மூன்று நல்ல காரணங்களைத் தயாராக வைத்திருந்தேன். "பயந்துட்டேன்மா" என்றுதான் வந்தது.

அவள் அதை ஏற்றுக்கொண்டாளா என்று தெரியவில்லை. பத்துப் பதினைந்து கோப்பை கொடுத்து முடித்த பிறகு, "சித்ரா பௌர்ணமிக்கு ஸ்டூல் நீங்க தூக்குங்க" என்றாள். "எங்கெல்லாம் உக்காந்தாரு, எத்தன தடவ தண்ணி கேட்டாரு, மேல போய்ச் சேர்ந்ததும் என்ன சொன்னாரு. எல்லாம் எனக்கு வேணும். நீங்க பேப்பர்ல இருந்தவரு. சரியா சொல்லுவீங்க."

"எழுதி அனுப்புறேன்."

"எனக்குத் தமிழ் படிக்க வராது அங்கிள். வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. விட்டுவிட்டுச் சொல்லக்கூடாது."

"ஸ்டூல் தூக்குறவரும் நாப்பத்தெட்டு நாளு இருக்கணும்" என்றார் குணா. ஒன்பது நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வாக்கியம். "ஊர்க்காரரு தாங்குவாரான்னு கேட்டுக்கோ."

7

பள்ளி நாட்களில் ஒரு முறை பழனிக்கு நடந்ததைத் தவிர நான் விரதம் இருந்ததில்லை. என் மனைவி நாட்காட்டியில் முதல் நாளை வட்டமிட்டாள். மீன் வாங்கும் அளவைக் குறைத்தாள். மகன் என் பாக்கெட் ரொட்டியின் பின்பக்கத்தை வாசித்துவிட்டு, "ஓகே பா, இது பாஸ்" என்றான்.

மூன்றாம் நாள் புதன்கிழமை. குணாவுக்கும் மூன்றாம் நாள். ஆண்ட்டி முட்டை உள்ள பண்டங்களை எல்லாம் ஒரு ஓரமாக ஒதுக்கி வைத்து, யாராவது தமிழர் அந்தப் பக்கம் கையை நீட்டினால் "தெலூர், தெலூர்" என்று முட்டைக்கான மலாய்ச் சொல்லைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் பச்சைப் பயறும் வெண்டைக்காயும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான் இந்த மூன்று நாளில் வாசித்த லேபிள்களைப் பற்றி அவரிடம் சொன்னேன். பிஸ்கட், நூடுல்ஸ், சூப் பொடி. கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"நல்லது" என்றார். "காலையில என்ன பசியாறுனீங்க?" இங்கே காலை உணவு சாப்பிடுவதற்குப் பசியாறுவது என்றுதான் சொல்வார்கள்.

"ஆபீஸ்ல ரொட்டியும் கயாவும். எப்பவும் அதுதானே."

கயா என்பது ரொட்டியில் தடவும் இனிப்பு. வெளிர் பச்சையாக இருக்கும். அலுவலகப் பெண் ஒருவர் வீட்டில் செய்து பெரிய போத்தலில் கொண்டுவந்து வைப்பார். அதில் லேபிள் கிடையாது.

குணா கரண்டியைக் கீழே வைத்தார். "கயாவுல என்ன இருக்கு?"

"தேங்காய்ப் பால். சீனி. அந்தப் பச்சை இலை வாசனை."

"அப்புறம்?"

"அவ்வளவுதானே."

"முட்டை, தம்பி. அதுல பாதி முட்டைதான்."

கயா என்பது காதில் விழுந்த ஆண்ட்டி கல்லாவிலிருந்து நிமிர்ந்து, "தெலூர்" என்று தலையாட்டினார்.

"எத்தன வருஷமா சாப்பிடுறீங்க?"

"பதினெட்டு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார்.

"நாளைக்குத்தான் முதல் நாளுன்னு எழுதுங்க" என்றார். "நாளு இருக்கு, பயப்படாதீங்க. ரெண்டு பேருக்குமே நாளைக்குத்தான் முதல் நாளு. சேர்ந்தே எண்ணுவோம்." பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு சொன்னார்: "பாத்தீங்களா, நான் ஒரு வாரம் மனசுக்குள்ள வச்சுக்கல."